மைனஸ்காரியின் கணக்கு

"என்னது, உங்க பக்கம் காலத்துக்கு ப்ளஸ்ஸா? எங்க பக்கம் மைனஸ்ங்க!"

"போச்சுடா! கல்யாணம் பேசுறதுக்கு முன்னாடியே இதைக் கேட்டிருக்கணும்."

மணமான புதிதில் அவளும் கணவனும் இப்படிப் பேசிச் சிரித்ததுண்டு. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரப் பாடுபடும் இயற்பியல் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் இருவரும். சமன்பாட்டில் காலத்துக்கு முன்னால் எந்தக் குறி என்பது அவரவர் படித்த இடத்து வழக்கம். எதைப் போட்டாலும் சரிதான், இரண்டையும் கலக்கக் கூடாது. அன்று முதல் வீட்டில் அவள் மைனஸ், அவன் ப்ளஸ்.

இப்போது, உரையரங்கத்தை ஒட்டிய சின்ன அறையில், மடிக்கணினியின் முன் அவள் உட்கார்ந்திருந்தாள். நிரந்தர வேலைக்கான உரை இது. ஊர் ஊராக ஒப்பந்த வேலை பார்த்து ஓய்ந்தவள். இது கிடைத்தால்தான், வேறு ஊரில் மகளோடு இருக்கும் கணவனும் அவளும் ஒரே வீட்டில் வாழ முடியும்.

கருந்துளையின் நடுவே எல்லாம் நசுங்கி முடிந்துவிடாது, ஓர் எல்லைக்குப் பின் திரும்ப விரியும் என்பது அவள் கண்ட முடிவு. அதைத் தாங்கும் சூத்திரத்தை அவனுடைய பழைய ஆய்வேட்டிலிருந்து ஆசை ஆசையாய் எடுத்திருந்தாள். எடுத்தவள் குறியை மாற்றாமல் அப்படியே போட்டுவிட்டாள்! கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

துறைத் தலைவர் தலையை நீட்டினார். "வாங்கம்மா. பயப்படாதீங்க, கேள்வி கேட்டே கொல்ற ஆளு இன்னிக்கு லீவு."

"ரெண்டு நிமிஷம் சார்."

கணவனைக் கைபேசியில் அழைத்தாள். மகள் பிறந்ததும், யாராவது ஒருவர் விட வேண்டுமே என்று ஆராய்ச்சியை விட்டு மென்பொருள் வேலைக்குப் போனவன் அவன். அதற்குப் பின் வீட்டில் இயற்பியல் பேச்சே கிடையாது. அவனுக்கு வலிக்குமோ என்று அவளுக்குப் பயம். கேட்க நினைத்த ஒன்று மட்டும் எத்தனையோ முறை தொண்டை வரை வந்து திரும்பியிருக்கிறது.

"சொல்லு மைனஸ். இன்னும் மேடை ஏறலையா?"

"உங்க சூத்திரத்தைக் குறி மாத்தாம போட்டுட்டேங்க."

மேசையில் விரல் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. கணக்குப் போடும்போது அவன் அப்படித்தான் தட்டுவான்.

"சூத்திரத்துல வளைவு இருமடியா வர்ற உறுப்புக்குக் குறி மாறாது. ஒத்தையா வந்தா மாறும். உன்னோடது எது?"

"ஒத்தை."

"அப்போ விரியாது..."

"நசுங்கிடும். தெரியும்." அவள் குரல் உடைந்தது. "உள்ள போய் அதைத்தான் சொல்லப் போறேன். இந்த வேலை நமக்கில்லைங்க."

"யாரும் கவனிக்கலைன்னா?"

"நான் கவனிச்சுட்டேனே."

"அதானே, மைனஸா கொக்கா!" அவன் சிரிக்கப் பார்த்தான்; முடியவில்லை. விரல் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

கதவு தட்டப்பட்டது. அவள் எழுந்தாள். இழக்க இனி என்ன இருக்கிறது?

"ஏங்க, தட்டுறதை நிறுத்தாதீங்க. ஆராய்ச்சிக்குத் திரும்பி வாங்க. இந்தக் கணக்கை முதல்லேருந்து என்கூடச் சேர்ந்து போடுங்க."