பெட்டி கொள்ளாத குரல்

செழியனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. காலையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பை முறைத்துக்கொண்டிருந்தான். எழுந்து சுவரில் முதுகைத் தேய்ப்பதை அம்மா செவ்வந்தி பார்த்துவிட்டாள்.

"நாத்து பறிச்சிட்டு வந்தவளுக்கே நோவல. ஒக்காந்து சம்பாரிக்கிற தொரைக்கு நோவுதாக்கும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பம்புசெட்டில் மாட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு லினக்ஸ் இயங்குதளம் கட்டித் தருவது அவன் வேலை. பெட்டியின் மெமரி பதினாறு எம்பி. எல்லா மென்பொருளும் குரல் பதிவுகளும் சேர்ந்த ஒரே கோப்பு, இமேஜ், அதற்குள் அடங்க வேண்டும். அடங்காமல் வழிந்தது. பதிவிலிருப்பது அம்மாவின் குரல். நன்னிலம் பக்கம் அவள் குத்தகைக்கு எடுத்த வயலில் ஒரு பெட்டி சோதனைக்கு ஓடுகிறது. மும்முனை மின்சாரம் வந்ததும் பெட்டியே போன் செய்து சொல்லிவிடும். எழுத்து தெரியாதவள் வரப்பில் காத்துக்கிடக்க வேண்டாம்.

பெட்டியில் நடப்பதைப் பதிந்து லாக் எடுக்கும் சின்ன மென்பொருள் கருவி ஒன்று பைத்தான் நிரல்மொழியை முழுசாக உள்ளே இழுத்து வந்திருந்தது. பைத்தானைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு மறுபடி கட்டினான். தட்டில் சோறு காய்ந்து விறைத்தபோது கட்டி முடிந்தது. அளவு துளியும் குறையவில்லை. கருவி கேட்கிறவரை பைத்தான் வரத்தான் செய்யும். கோரைப்புல்லை மேலோடு கிள்ளிய கதைதான். கிழங்கு உள்ளேயே கிடக்கிறது. கருவியையே பிடுங்கினான். அளவு மளமளவென்று இறங்கியது. அப்படியும் கொஞ்சம் வழிந்தது.

சென்னையிலிருந்து டீம் லீடர் அன்பரசன் கூப்பிட்டார்.

"வாய்ஸ தூக்குங்க செழியன். எஸ்எம்எஸ் போகுதுல்ல?"

"படிக்கத் தெரியாதவங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"வீட்ல யாராச்சும் படிச்சிருப்பாங்க."

"ஆன் பண்ணா ஸ்க்ரீன்ல சுத்துதே, கம்பெனி லோகோ, அத எடுத்துடுறேன் சார். இடம் சரியாயிடும்."

"எம்டி ஆசப்பட்டு போட்டது, கை வைக்காதீங்க. மோட்டார் தண்ணியில்லாம காத்து இழுத்தா சொல்ற வாய்ஸ் மட்டும் இருக்கட்டும். மோட்டார் எரிஞ்சா நம்ம தலையிலதான் விடியும். மத்தத தூக்கி இன்னைக்கே அனுப்புங்க."

தூக்கினான். அடங்கியது. அம்மாவின் பெட்டியிலும் ஏறியது.

மறுநாள் அவள் போன் ஒருமுறை டிங் என்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரண்டு நேரம் ஆச்சே. பொட்டி ஏன்டா ஊமையாயிடுச்சு?"

"மெசேஜ் வந்திருக்கும்மா. கரண்ட் வந்துருச்சாம்."

"நீ மெட்ராசுக்குப் போயிட்டா எவன் வந்து படிச்சுச் சொல்லுவான்?"

செவ்வந்தி போனை அலமாரியில் வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வெயிலில் வரப்பேறி நடந்தாள். பழையபடி மோட்டார் கொட்டகை பல்பு எரிகிறதா என்று கண்ணை இடுக்கிக்கொண்டே போனாள்.

செழியன் அவளுக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி, அவள் குரலிலேயே ஒரு வாக்கியம்: கரண்ட் வந்துருச்சுங்க.