பதினோரு மணித் தண்ணீர்

எனக்கு நீச்சல் வந்துவிட்டது! முழுக்க இல்லை, பாதிக் குளம் வரைக்கும். நாற்பது தாண்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பிறகு, கையையும் காலையும் அடித்துப் பாதிக் குளம் போய்த் திரும்பியவளின் மிதப்பைக் கேட்கவா வேண்டும்? அந்த மிதப்போடு வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் தொடையில் சொறிச்சல் ஆரம்பித்தது.

எனக்கு மட்டுமல்ல. கேரள எல்லைக்குள் கொல்லயில் என்ற எங்கள் ஊர்க் குளத்தில் ஜிஷாவிடம் நீச்சல் பழகும் பெண்கள் எல்லோருக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. ஜிஷா கல்லூரியில் படிக்கும்போது போட்டிகளில் நீந்தியவள். இந்த வகுப்பைத் தொடங்க அவள் கெஞ்சாத ஆளில்லை. கடைசியில் குளக் கமிட்டிச் செயலாளர் கருணாகரன் அண்ணன் பெரிய மனது பண்ணி எங்களுக்கு ஒதுக்கிய நேரம், பகல் பத்திலிருந்து பன்னிரண்டு. விடியற்காலையும் சாயங்காலமும் ஆண்களுக்கு. மண்டை காயும் வெயிலில் எந்த ஆண் குளிக்க வருவான்? வேண்டாததைத் தூக்கி எங்களுக்குத் தந்தார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டோம்.

சொறிச்சலைப் பார்க்கச் சுகாதார நிலையத்திலிருந்து வந்தவர், மலையாளத்தில் "ஒச்சாணு காரணம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊரில் ஒச்சு என்றால் மழைக்காலத்தில் முதுகில் ஓட்டோடு மதிலேறி, பப்பாளியையும் வாழையையும் தின்று தீர்க்கும் ஆப்பிரிக்கன் ஒச்சுதான். குளத்தில் கிடப்பதற்குப் பெயர் நத்தை. அதை யார் நினைத்தார்கள்? ஊரே உப்புப் பொட்டலத்தோடு மதில் மதிலாக அலைந்தது. நானும் அலைந்தேன். ஒச்சு செத்தது, சொறிச்சல் சாகவில்லை.

கருணாகரன் அண்ணன் குளப்படியில் நின்று தீர்ப்பு சொன்னார்.

"ஆம்பிளையளுக்கு ஒரு சொறிச்சலும் இல்ல. அப்பம் இது கொளத்துக்க கொழப்பம் இல்ல, பெண்ணுங்களுக்க கொழப்பமாக்கும். ஞாயிறாச்ச கமிட்டி உண்டு. நீச்சலை நிறுத்திரலாம்."

ஜிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருக்கா நிறுத்தினா பின்ன தொறக்க மாட்டாவ அக்கா" என்றாள்.

எனக்கு வந்ததோ கோபம். நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் தினமும் ஊரார் ரத்தத்தையும் மலத்தையும் பார்த்துச் சோறு தின்பவள் நான். என்னிடமே பெண்களின் குழப்பமா? பொருமிக்கொண்டே வீட்டுப் படியேறும்போது சட்டென்று உறைத்தது. சுகாதார நிலையத்துக்காரர் பேசியது மலையாளம். மலையாளத்தில் நத்தையும் ஒச்சுதான்!

மறுநாள் காலையில் ஆண்கள் குளித்துக் கரையேறியதும் கையுறை மாட்டிக்கொண்டு, குளத்தில் மிதக்கும் பாயல் செடிகளின் அடியில் ஒட்டியிருந்த நத்தைகளைப் பிடுங்கினேன். தட்டையாகச் சுருண்ட, பழுப்பு நிறச் சின்ன நத்தைகள். கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய கண்ணாடித் தம்ளரில் போட்டு மதில்மேல் வைத்தேன். இட்லி அவிக்கும்போது பார்த்தேன், ஒன்றுமில்லை. துணி காயப்போடும்போது பார்த்தேன், ஒன்றுமில்லை. வெயில் ஏறி மதில் சுட ஆரம்பித்தபோது பார்த்தால், தம்ளருக்குள் பொடிப்பொடியாக எதுவோ துள்ளுகிறது! மேலே ஏறுகிறது, மெல்லத் தாழ்கிறது, மறுபடி ஏறுகிறது. சந்தோஷத்தில் போனை எடுத்துக் கத்தினேன்.

"ஜிஷா, ஓடி வா மக்கா! நிக்கிற கோலத்துல வா!"

தம்ளரை மடியில் வைத்து அவளுடைய ஸ்கூட்டரில் லேபுக்குப் பறந்தோம். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் ஜிஷா வாய்விட்டு அலறினாள். நுனியில் இரண்டாகப் பிளந்த வாலோடு புழுக்குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். குளத்தில் குளிப்பாட்டும் எருமைகளின் சாணத்திலிருந்து முட்டை தண்ணீரில் பொரியும், குஞ்சு நத்தைக்குள் புகும், அங்கே பெருகி வெளியே வந்து மறுபடி எருமையைத் தேடும். எருமை என்று நினைத்து நம் தோலுக்குள் நுழைந்தால், பிழைக்க வழியில்லாமல் அங்கேயே சாகும். அந்தச் சாவுதான் நமக்குச் சொறிச்சல்.

"காலத்தே தம்ளர்ல ஒண்ணும் இல்லேன்னு சொன்னியளே அக்கா?"

"ஆமா. வெயில் ஏறினப்பெறவாக்கும் நத்தை இதுவளை வெளிய விடுது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள்தான் முதலில் சொன்னாள்.

"அக்கா, நமக்குத் தந்த நேரமாக்கும் அது!"

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் குளக்கரையில் கமிட்டி கூடியது. நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொல்லித் தம்ளரை நீட்டினேன். கருணாகரன் அண்ணன் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தூசியைக் காட்டிப் பேடிப்பிக்காதே சுமி."

அவர் மனைவி சத்யபாமா அக்காவும் எங்கள் வகுப்புதான். முழங்கை வரை தடித்த கையை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

"தூசின்னா நீங்க இப்பம் எறங்கிப் பாருங்க. ஆம்பிளைத் தொலியில ஏறாதோன்னு தெரியட்டு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதற்குமேல் அண்ணனால் பின்வாங்க முடியுமா? துவர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி, பாயல் ஓரமாக ஒரு சுற்று நீந்தினார். நான் தடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை, சொறிவார், அவ்வளவுதான்.

"பாத்தியளா?" என்று ஈரத்தோடு வந்து நின்று பேச்சைத் தொடங்கினார். பொது ஒழுங்கு, பஞ்சாயத்துச் சட்டம், குடும்பப் பெண்கள் என்று நீண்டது. நடுவில் வலது கை தானாக இடுப்புக்குப் போனது. மீட்டெடுத்தார். பிறகு இடது கை முதுகுக்கு. குடும்பப் பெண்கள் என்ற இடத்தில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொடைக்குப் போக, எங்கள் பக்கம் யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன, பெண்ணுங்களுக்க கொழப்பம் ஒங்களுக்கும் வந்துட்டா?" என்றார் சத்யபாமா அக்கா.

அன்றே முடிவாகிவிட்டது. எருமைகளுக்கு வேறு இடம். பாயலையும் நத்தையையும் வாரித் தீர்க்கும்வரை விடியற்காலை பெண்களுக்கு. அப்படியானால் பகல் பத்திலிருந்து பன்னிரண்டு யாருக்கு வேண்டும் என்று ஜிஷா கேட்டாள். ஆண்கள் பக்கத்தில் ஒரு கையும் உயரவில்லை, சொறிந்துகொண்டிருந்த கையைத் தவிர.

திங்கட்கிழமை வெளுக்கும் முன்னே இறங்கினோம். பாதிக் குளத்தில் வழக்கம்போலப் பயம் வந்தது, "நிறுத்தாதிங்க அக்கா!" என்று ஜிஷா கத்தினாள், நிறுத்தவில்லை. அக்கரைக் கல்லைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர்மேல் மெல்லிய ஆவி, குளிர்ச்சி, ஒரு சலனமில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம், பிள்ளைகளே என் உயரம் வளர்ந்துவிட்டார்கள். வீட்டுக்கு எதிரே இருக்கும் குளம் விடியற்காலையில் இவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.