முருகையன் திரும்ப வாங்கிய செந்தூரம்

முத்தியால்பேட்டையில் வைத்தியம் பார்த்துவந்த முருகையன், சோகை பிடித்தவர்களுக்கு அயச்செந்தூரம் கொடுப்பார். இரும்புத் தூளை எலுமிச்சைச் சாற்றில் சுத்தம் செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வரட்டி நெருப்பில் புடம் போட்டு எடுக்கும் செம்பொடி அது. இரும்பை அரத்தால் ராவித் தூள் கொடுப்பவர், இரும்புப் பட்டறை வைத்திருந்த அவருடைய நண்பர் சிமோன். ஐம்பத்தாறாம் வருஷக் கோடையில் போட்ட செந்தூரம் என்றுமில்லாத சிவப்பில் வந்தது. முருகையனுக்கு அதில் பெருமைதான்.

சிமோனின் மனைவி ஜெர்மேன், பிரசவத்துக்குப் பிறகு வெளுத்துப் போயிருந்தாள். அவளும் அதைத் தேனில் குழைத்துச் சாப்பிட்டு வந்தாள். ஒருநாள் காலை சிமோன் ஓடி வந்தார்.

"ஜெர்மேனுக்கு வயித்த முறுக்குது முருகையா. வெளிக்கும் போவல. வந்து பாரேன்."

முருகையன் போய் அவளை வாயைத் திறக்கச் சொன்னார். பல் ஈறின் ஓரத்தில் மையால் இழுத்தது போல ஒரு நீலக்கோடு. ஈய எழுத்துகளை அச்சுக் கோர்த்து, ஈயம் உடம்பில் ஏறிப்போன ஆள் ஒருவனிடம் அதை முன்பே பார்த்திருக்கிறார்.

"சிமோன், கடைசியா குடுத்த தூளு எதுல ராவுனது?"

"வெள்ளைக்காரன் வித்துட்டுப் போன வீட்டு கேட்டுல. ஏன்?"

"பெயிண்ட்டு இருந்துச்சா?"

"மேல பச்சை, அடியில செவப்பு. துரு புடிக்காம பூசுவாங்களே, அது. சொரண்டாமயே ராவிட்டேன்."

"அந்தச் செவப்பு ஈயம்பா."

இருவரும் ஜெர்மேனை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நடந்ததை முருகையனே டாக்டரிடம் சொன்னார். டாக்டர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"நான்தானே குடுத்தேன், என்னைச் சொல்லணும்" என்றார் சிமோன், வெளியே வந்ததும்.

"சாப்புடக் குடுத்தது நான். பாக்காம அரைச்சதும் நான்தான்."

அன்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு, மருந்து வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனார். சிலர் பொட்டலத்தை முகத்துக்கு நேரே வீசினார்கள். மூலக்குளத்தில் அஞ்சலாட்சி மட்டும் தர மறுத்தாள். சொந்த நிலத்தில் பாடுபடுகிறவள்.

"இதத் தின்னுதான் எழுந்து நடக்குறேன். தரமாட்டேன்."

"ஈயம் கலந்துபோச்சும்மா. விஷம்."

"நீங்கதானே குடுத்தீங்க?"

"ஆமா. அதான் நானே வாங்கிட்டுப் போவ வந்துருக்கேன்."

அவள் நகரவில்லை. முருகையன் கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, ஈறைப் பார்க்கச் சொன்னார்.

"வெத்தலக் கறை" என்றாள்.

"தேச்சுப் பாருங்க."

சாம்பல் தொட்டுத் தேய்த்தாள். வாயைக் கொப்பளித்து மறுபடி பார்த்தாள். நீலம் அப்படியே இருந்தது. உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தாள். "நல்லாதான்யா இருந்துச்சு எனக்கு" என்றாள். மறுநாள் அவளையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

ஜெர்மேன் தேற மழைக்காலம் ஆயிற்று. முருகையனிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். புது இரும்பு வாங்கி, அவர் கண்ணெதிரே சிமோன் ராவிக் கொடுத்தார். அதை அரைத்து முருகையன் மறுபடி புடம் போட்டார்.

தை பிறந்ததும் அஞ்சலாட்சி வந்து நின்றாள். முருகையன் பொட்டலம் மடித்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க சாப்புடுங்க."

தேனில் குழைத்து நாக்கில் வைத்து விழுங்கினார். அவர் வாயையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு பொட்டலத்தை முந்தியில் முடிந்துகொண்டு, அறுப்புக்கு ஆள் நிற்குது என்று எழுந்து போனாள்.