சூப், 11.40

அன்று ஃபிரிட்ஜ் முன்னால் நின்றவர்கள் நான்கு பேர்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், அவரோடு வசிக்கும் தங்கை, தையல்கடை அம்மா, மூட்டை தூக்கும் லோடுமேன். ஐந்தாவதாக ஒருவரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லித் திரியும் மருந்துக்கடைக்காரர் அப்போது கல்லாவில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஃபிரிட்ஜ் தையல்கடை வாசலில் நின்றது. மீந்த சாப்பாட்டை யாரும் வைக்கலாம், வேண்டியவர் எடுக்கலாம். மூடியில் தையல்கடை பெயர் போட்ட சீட்டு ஒட்டி, என்ன உணவு, எத்தனை மணிக்குச் சமைத்தது என்று எழுத வேண்டும். எழுதாததைத் தையல்கடை அம்மா சாயங்காலம் குப்பையில் கொட்டிவிடுவார். ஓட்டல்காரர்கள் அண்டா அண்டாவாக அனுப்புவார்கள். நேரம் எழுதத்தான் கை வராது. வந்ததில் பாதி குப்பைக்குப் போனது.

ஸ்டேஷன் மாஸ்டர் பன்னிரண்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வருவார். தான் கொண்டுவந்த டப்பாவை உள்ளே வைப்பார். இன்னொன்றை எடுத்து, கெட்டுவிட்டதா என்று சோதிப்பவர்போல் முகர்ந்து, பைக்குள் போட்டுக்கொள்வார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவர் கொடுக்க வந்தவர்.

அவர் உயிரோடிருக்கிறார் என்ற சான்று ஏதோ ஓர் அலுவலக மேஜையில் தூங்கியதால் ஓய்வூதியம் நின்று மூன்று மாதம். வந்தவரைச் சாப்பிடவைத்தே அனுப்பிய குடும்பம், வெறுங்கையோடு போய் எடுப்பதா? ஆகவே வெந்நீரில் உப்புப் போட்டார். மனசாட்சிக்காக மூன்று மிளகும் போட்டார். சீட்டில் பெயர் எழுதவில்லை. ‘சூப், 11.40’ என்று மட்டும் எழுதினார். நிமிடம் பிசகாமல் எழுதுகிற ஆள் அந்தத் தெருவில் வேறு யார் என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று லோடுமேன் சூப் டப்பாவோடு வந்து அவரை மறித்தார்.

“சார், இது நீங்க வைக்கிறதுதானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“மூணு நாளா எனக்கு இதான் மாட்டுது. உப்பு இருக்கு, மிளகு இருக்கு. சூப்பத்தான் காணோம்.”

தையல்கடை அம்மா வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தார். “உங்க தங்கச்சி சமையலா சார்? பாவம், கைப்பக்குவம் போயிடுச்சா?”

அண்ணன் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்த தங்கை அந்த நேரம் பார்த்தா வந்து நிற்க வேண்டும்?

ஸ்டேஷன் மாஸ்டர் தங்கையைப் பார்த்தார். தன்னைக் கஞ்சன் என்றிருந்தால் விழுங்கியிருப்பார். தங்கையின் சமையலைச் சொன்னால்? முதுகை நிமிர்த்தி, வண்டி தாமதம் என்று அறிவிக்கிற குரலில் சொன்னார்:

“இவ கைப்பக்குவத்துல ஒரு குறையும் இல்ல. சமைக்கத்தான் வீட்டுல ஒண்ணும் இல்ல.”

“இதச் சொல்ல பதினோரு நாளா அண்ணா?” என்றார் தங்கை. “சிநேகிதர் குடுத்தனுப்புறார்னு நீங்க கொண்டுவந்த டப்பா எல்லாத்துலயும் இந்த அம்மா கடை சீட்டு. எனக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும்.”

லோடுமேன் தலையைச் சொறிந்தார். “தெரிஞ்சிருந்தா குடிச்சிட்டு நல்லா இருக்குன்னு சொல்லியிருப்பேன் சார்.”

தையல்கடை அம்மா அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “சூப்பு கிடக்கட்டும். டைம் எவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க. நாளைக்கு ஓட்டல் வண்டி வரும். நேரம் எழுதாம ஒரு அண்டாகூட இறங்கக் கூடாது. வந்து நிக்கிறீங்களா?”

“சம்பளம் வாங்க மாட்டேன்.”

“குடுக்க இருந்தாத்தானே.”

“சாப்பாடு?” என்று தங்கை கேட்டார்.

“வேலை பாத்தவங்க பசியோட போனா எனக்குல்ல கேவலம்.”

மறுநாள் ஓட்டல் வண்டி டிரைவர், “காலையில செஞ்சதுன்னு போட்டுக்குங்க” என்றார்.

“காலைன்னா?”

“ஒரு எட்டு மணி.”

“எட்டா, எட்டு அஞ்சா?”

டிரைவர் சமையலறைக்கு ஃபோன் போட்டுக் கேட்டுச் சொன்ன பிறகுதான் அண்டா இறங்கியது. ஒரே வாரத்தில் குப்பைத்தொட்டி காலி. அதை நம்பியிருந்த நாய்கள் அடுத்த தெருவுக்குக் குடிபோயின.

ஸ்டேஷன் மாஸ்டர் பதினோரு நாளும் ஊருக்கு வெந்நீர் ஊற்றினார் என்று மருந்துக்கடைக்காரர் இன்றும் சொல்லி வருகிறார். அது தவறு. ஒன்பது நாள்தான். மற்ற இரண்டு நாள் வீட்டில் உப்புத் தீர்ந்திருந்தது. உப்பில்லாததைப் பிறருக்குக் கொடுக்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அந்த இரண்டு நாளும் அவர் எதையும் எடுக்கவுமில்லை.