கப்பலின் இடது கன்னம்

1

இந்தக் கதை கப்பலைப் பார்த்துப் பிறக்கவில்லை, கப்பல் இல்லாததைப் பார்த்துப் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று பேசக் கூடாது. கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் கேரியகூ தீவில், லெஸ்டேர் ஊரில், கத்பர்ட்டின் ரம் கடையில், புட்டிகளுக்கு மேலே ஒரு மரத்தாங்கி இருக்கிறது. கைக்குழந்தை அளவுள்ள கப்பலை நிறுத்தி வைப்பதற்கென்று செய்தது. கப்பல்தான் இல்லை. கடையில் இடம் போதாமல் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் ரொட்டி அடுக்குகிற கத்பர்ட், அந்தத் தாங்கியின் மேல் மட்டும் எதையும் வைப்பதில்லை.

"கப்பல் எங்கே?" என்று கேட்டேன்.

"வெளிய போயிருக்கு" என்றார். "நம்ம உரியாசு பொண்டாட்டி செஞ்சது." அதற்குள் யாரோ ஐஸ்கட்டி கேட்டு வந்துவிட்டார்கள்.

எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான், மீதியெல்லாம் என் கைவேலை. மறுநாள் போய் முழுவதையும் கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் இப்போதெல்லாம் வேறு கடையில் குடிக்கிறேன்.

2

முதல் ஆரம்பம்: "காற்று கிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. செபரின் கடலைப் பார்த்தபடி—"

(நிறுத்திவிட்டேன். செபரின்தான் அந்த உரியாஸின் பெண்டாட்டி. கேரியகூவில் காற்று கிழக்கிலிருந்து வீசாமல் வேறெங்கிருந்து வீசும்? மேலும், கடலைப் பார்த்தபடி நிற்கும் பெண்களை எழுதி எழுதி அவர்களுக்குக் கால் கடுத்துப்போயிருக்கும்.)

இரண்டாவது ஆரம்பம்: "உரியாஸ் ஊரைவிட்டுப் போன அன்று—"

(இப்படித் தொடங்கினால் இது அவன் கதையாகிவிடும். அவனுக்கு ஏற்கெனவே ஒரு கப்பலைக் கொடுத்தாயிற்று, கதையையும் கொடுக்க முடியாது.)

மூன்றாவது: "செபரின் பலகையைப் பானையில் வேகவைத்தாள்."

இது நிற்கிறது.

3

செபரின் பலகையைப் பானையில் வேகவைத்தாள். வழக்கமாகச் சோறு வடிக்கிற பெரிய பானை. கொதிநீரில் ஊறினால்தான் மெல்லிய சீடர் மரப் பலகை சொன்னபடி வளையும். அந்த வாரம் முழுக்க அவள் வீட்டுப் பட்டாணிச் சோற்றில் மரவாசனை அடித்தது.

அவள் பாய் தைக்கிறவள். ஊரில் ஓடும் கப்பல்களில் பாதிக்கு அவள் தையல்தான். பாய் தைக்கிறவளுக்குக் கப்பல் கட்ட என்ன தெரியும் என்று யாரும் வாய்திறக்கவில்லை. கேட்டால் அடுத்த பாய் எப்போது வருமோ என்ற பயம்.

கட்டிக்கொண்டிருந்தது அவள் புருஷனின் கப்பல், ஒற்றைப் பாய்மரம் வைத்தது, கைக்குழந்தை அளவில். பெரிய கப்பலை உரியாஸ் தன் கையால் கட்டினான். ஒரு வாரச் சரக்கு ஓட்டம் என்று சொல்லி வடக்கே செயின்ட் மார்ட்டினுக்குப் போனான். அங்கிருந்து போன் வந்தது. கப்பலை விற்றுவிட்டேன், நியூயார்க் போகிறேன், உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்றான். அழைத்துக்கொள்ளவில்லை. செபரினுக்குத் தலை நரைத்துவிட்டது. இப்போது, ஆகஸ்ட் படகுப்போட்டிக்கு ஊருக்கு வருகிறேன் என்கிறான்.

போட்டியில் ஆளில்லாத சின்னக் கப்பல்களுக்கும் ஓர் ஓட்டம் உண்டு. சுக்கானை நேராகக் கட்டி, பாயை ஏற்றி, தண்ணீரில் வைத்துக் கையை எடுத்துவிட வேண்டியது. அதன்பின் கப்பல் பாடு, காற்று பாடு. உரியாஸ் விற்றுத் தொலைத்த அதே கப்பலை அவன் கண்ணெதிரே ஓடவிட வேண்டும் என்பதுதான் செபரினின் ஆசை.

(எதற்கு இந்த ஆசை என்று விளக்கப் பக்கம் பக்கமாக எழுதினேன். பழிவாங்க என்று எழுதினேன், அவள் முகத்துக்குப் பொருந்தவில்லை. மன்னிக்க என்று எழுதினேன், கோயில் பிரசங்கம் போல இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவளுக்கு அவன்மேல் இன்னும் ஆசை இருக்கிறது. வேறொன்றுமில்லை.)

4

கப்பலின் விலா எலும்புகளை மரத்தை அறுத்துச் செய்யக் கூடாது. வளைந்தே வளர்ந்த கிளையாகப் பார்த்து ஒடிக்க வேண்டும், அதில்தான் பலம். பெரிய கப்பலுக்குப் பெரிய கிளை, சின்னதற்குச் சுள்ளி. செபரின் ஆடுகளோடு ஆடாக மலைச்சரிவில் அலைந்து வளைந்த சுள்ளிகளைப் பொறுக்கிவந்தாள்.

அடிமரமான ஏராக்கட்டையை நிறுத்தி, விலா பொருத்தி, பலகை அடித்து முடித்தபோது கப்பல் அழகாக இருந்தது. துணியை மடித்து வெட்டிப் பழகியவள் ஆயிற்றே, இடமும் வலமும் ஒன்றுக்கொன்று அச்சாக அமைந்திருந்தன. கத்பர்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கத்பர்ட் உரியாஸின் சித்தப்பா மகன்.

"நல்லா வந்திருக்கு மதனி" என்றார் அவர். "யாரு கப்பல்?"

செபரின் வீட்டுக்குத் திரும்பி வந்து, இடப்பக்கத்துப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டாள்.

விஷயம் இதுதான். எங்கள் தீவில் வரைபடம் வைத்துக் கப்பல் கட்டுகிறவர்கள் இல்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்கள், அதுவே கணக்கு. அதனால் கட்டுகிறவனின் கோணல் கப்பலில் ஏறிவிடும்.* உரியாஸின் கப்பலுக்கு இடது கன்னம் பருத்திருக்கும், பல்வலிக்காரன் முகம் மாதிரி. அந்தக் கன்னம் தண்ணீரைத் தள்ளுகிற தள்ளலில் கப்பல் சதா வலப்பக்கமே இழுக்கும். வடக்கே போகும்போது வலப்பக்கம் என்பது கரை. சுக்கானை விட்டால் போதும், ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும்.

மறுபடியும் கட்டி எடுத்துப் போனபோது, செபரின் தெருமுனையில் வரும்போதே கத்பர்ட் கடைக்குள்ளிருந்து சொன்னார்: "அடடா, நம்ம உரியாசு கப்பல். கடல்ல எறக்குறப்ப இதுக்கு ஒரு ஆடு வெட்டணும் மதனி, இல்லன்னா மிதக்காது."

"இந்த அளவுக்கு ஒரு பல்லி போதும்" என்றாள் செபரின்.

* இந்தக் கதையும் ஒரு பக்கம் பருத்துத்தான் வருகிறது, எனக்குத் தெரிகிறது. உரியாஸின் பக்கம் மெலிந்திருக்கிறது. சரிசெய்ய முயல்கிறேன்.

5

சரிசெய்ய, உரியாஸைப் பேசவிடுகிறேன். நியூயார்க்கிலிருந்து போன் வந்தபோது செபரின் கடையில்தான் பாய்க்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஊசி இருந்ததால் போனில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள், கத்பர்ட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்ற?"

"ஒங் கப்பலக் கட்டிக்கிட்டிருக்கேன். எடது கன்னம் இப்பத்தான் சரியா வந்திச்சு."

"கன்னமா? எங் கப்பலுக்கு ஏது கன்னம்? நூல் புடிச்ச மாதிரி இருக்குமே."

"நூலா. அப்ப ஒவ்வொரு ஓட்டம் முடிஞ்சு வந்ததும் கை வலிக்குது, தைலம் தேயின்னு படுத்துவியே, அது எந்தக் கப்பல்?"

"அது மூட்ட தூக்குன வலி. நான் கட்டுனது எனக்குத் தெரியாதா? சும்மா உக்காந்திருந்தாப் போதும், அது பாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடும்."

செபரின் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "வர்றப்ப என்ன வேணும்? கோழியா, ஆடா?"

"நீ எது செஞ்சாலும் சரிதான்" என்றான் உரியாஸ். குரல் கொஞ்சம் உடைந்தது. (இந்த உடைவை நான் வைக்கவில்லை. தானாக வந்தது, விட்டுவிட்டேன்.)

6

மறுநாள் சாயங்காலம் கப்பலைக் கடற்கரைக்குக் கொண்டுபோனாள். கத்பர்ட் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார். முழங்கால் தண்ணீரில் நின்று, முகப்பை வடக்கே திருப்பி, கையை எடுத்தாள்.

கப்பல் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வலப்பக்கம் சாய்ந்து, மெல்ல வளைந்து, பாதாம் மரத்துக்குக் கீழே மணலில் வந்து முட்டியது. செபரின் சிரித்தாள். ஓடிப்போய் எடுத்துவந்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதே மரம், அதே மணல். பாவாடை நனைந்து கனத்துப்போயிற்று. அவள் இப்படிச் சிரித்து கத்பர்ட் பார்த்ததில்லை, நானும் இதுவரை எழுதவில்லை.

"பாத்தியா, பாத்தியா" என்றாள். "வீட்டுக்குத்தான் வருது. எங்க விட்டாலும் வீட்டுக்குத்தான்."

"ஆமா மதனி" என்றார் கத்பர்ட், உண்மையிலேயே வியந்துபோய். "அப்ப உரியாசு இத செயின்ட் மார்ட்டின் வரைக்கும் இழுத்துப் புடிச்சுக்கிட்டே போயிருக்கான். கை என்னத்துக்கு ஆயிருக்கும் பாருங்க."

(இந்த வாக்கியத்தை அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தேன். கத்பர்ட் கெட்டவர் அல்ல, யோசித்துப் பேசுகிறவரும் அல்ல. வாயில் வந்துவிட்டது. இனி அள்ள முடியாது.)

செபரின் கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாவாடையால் துடைத்தாள்.

இத்தனை வருடமும் அவளுக்கிருந்த ஆறுதல் ஒன்றே ஒன்று: கப்பலாவது திரும்பி வரப் பார்த்ததே. அந்த ஆறுதலுக்கு மறுபக்கம் ஒன்று இருப்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. திரும்பப் பார்த்த கப்பலைத் திரும்பவிடாமல் ஒரு கை பிடித்திருக்க வேண்டும். தீவுக்குத் தீவு, அலைக்கு அலை, சுக்கானை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தும்முவதற்காக ஒரு தடவை கையை எடுத்திருந்தால்கூட அது வீட்டைப் பார்த்திருக்கும். அவன் தும்மக்கூட இல்லை.

7

செபரினின் கையில் இப்போது இழைப்பு உளி இருக்கிறது. மடியில் கப்பல், இடது கன்னம் மேலே.

கன்னத்தைச் சீவிவிட்டால் கப்பல் நேராக ஓடும். அப்போது உரியாஸ் சொன்னது மெய்யாகிவிடும். சும்மா உட்கார்ந்திருந்தான், கப்பல் கூட்டிப்போனது. அந்த உரியாஸை அவளால் வீட்டுக்குள் விட முடியும். கோழியோ ஆடோ வைத்துப் பரிமாற முடியும். சீவாவிட்டால் கப்பல் மெய் பேசும், அவன் முன்னால், ஊர் முன்னால். அவளுக்கு இரண்டும் வேண்டும், அந்தக் கப்பலும் வேண்டும், அந்த ஆளும் வேண்டும்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

சீவிவிடுகிறாள். கப்பல் நூல் பிடித்தாற்போல் ஓடிக் கண்ணுக்கு மறைகிறது. உரியாஸ் கைதட்டுகிறான். (அவள் தன் கப்பலை இரண்டாம் முறை இழக்கிறாள். மாட்டேன்.)

சீவவில்லை. கப்பல் திரும்பி வந்து உரியாஸின் காலில் முட்டுகிறது. அவன் தலைகுனிகிறான். (இதில் ஜெயிப்பது நான்தான், அவள் இல்லை.)

உரியாஸின் விமானம் வரவில்லை, ஏனென்றால்— (கோழைத்தனம்.)

8

அதனால் வந்துவிட்டான். தொப்பை போட்டிருக்கிறான். புதுச் சப்பாத்தைக் கழற்றி மணலில் ஜோடியாக வைத்துவிட்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிறான். பக்கத்தில் செபரின். கப்பலுக்கு வெள்ளைச் சாயம் கனமாகப் பூசியிருக்கிறாள், கன்னம் பருத்திருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. அன்று அந்த உளி என்ன செய்தது என்று நான் எழுதவில்லை. அப்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"நீயே விடு" என்று செபரின் கப்பலைக் கொடுத்தாள்.

உரியாஸ் குனிந்து கப்பலைத் தண்ணீரில் வைத்தான். முகப்பு வடக்கே. பின்பக்கத்தை வலது கையால் பிடித்திருந்தான். காற்று பாயை நிரப்பியது. கப்பல் அவன் உள்ளங்கையில் இழுத்தது. நேராக இழுத்ததா, வலப்பக்கமா என்பது அந்த உள்ளங்கைக்கு மட்டும்தான் தெரியும். எழுதுகிற எனக்கு எங்கும் நுழைய உரிமை உண்டு, அங்கே மட்டும் நுழைய முடியவில்லை.

மற்ற கப்பல்கள் கிளம்பிவிட்டன. கரையில் கூச்சல். கத்பர்ட்டின் குரல் எல்லோருக்கும் மேலே கேட்கிறது.

"விடுப்பா" என்றாள் செபரின்.

"இரு" என்றான் உரியாஸ். நிமிர்ந்து பார்க்கவில்லை. "இருடி. கொஞ்ச நேரம் புடிச்சுக்கிறேன்."

அவன் முகம் நனைந்திருக்கிறது. கடல் தெறித்ததாகவும் இருக்கலாம். மேற்கொண்டு நான் சொல்லப்போவதில்லை, கடையில் தாங்கி காலியாகத்தான் இருக்கிறது. அவன் இன்னும் குனிந்தபடிதான் நிற்கிறான், கப்பல் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. கையை எடு என்று நீங்கள் சொன்னால் எடுப்பான்.