வளைவுச் செங்கல்

"அந்தப் பையில என்ன சார்?" என்று கேட்டவாறே மருத்துவமனைக் காவலாளி கையை நீட்டி வழியை மறித்தார்.

ஒப்பந்தக்காரர் பையின் வாயை விரித்துக் காட்டினார். பழைய துவாலையில் சுற்றிய செங்கல் ஒன்று உள்ளே கிடந்தது.

"செங்கல்லா? உள்ள புது வார்டு கட்டப் போறீங்களா?"

"அக்காவுக்குக் காட்டணும்."

"ஆரஞ்சு கொண்டாருவாங்க, ஆப்பிள் கொண்டாருவாங்க. பேஷண்டுக்குச் செங்கல் கொண்டாந்தவரை இப்பதான் பாக்குறேன். போன மாசம் ஒருத்தர் டாக்டர் மேல டார்ச் லைட்டை வீசிட்டார். மெமோ யாருக்கு? எனக்கு."

"ஒரே நிமிஷம்ங்க. காட்டிட்டு எடுத்துட்டு வந்துடறேன்."

"என் வேலை போயிரும் சார். கார்ல வெச்சிட்டு வாங்க."

வாதாடியே காரியம் சாதித்துப் பழகிய ஒப்பந்தக்காரர் அன்று வாதாடவில்லை. செங்கல்லைக் காரின் பின்பெட்டியில் வைத்து மூடியபோது உள்ளத்தில் சிறியதொரு நிம்மதி எழுந்தது. அந்த நிம்மதியின் பொருட்டு அவர் தம்மையே வெறுத்தார்.

அக்காள் அருங்காட்சியகக் காப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவள். துறைமுகத்திலிருந்து மலைக்கணவாய் வரையில் சென்ற பழைய வணிகப் பெருவழியே அவளுடைய வாழ்நாள் ஆராய்ச்சி. துணியும் உப்பும் பாசிமணியும் சுமந்த எருதுகள் அவ்வழியே சென்றன; அவற்றோடு பௌத்தத் துறவியரும் நடந்தனர். துறைமுகத்தருகே அத்துறவியர் தங்கிய விகாரை ஒன்றும், கணவாயின் அடியில் மற்றொரு விகாரையும் மண்ணுக்குள்ளிருந்து முன்னரே கிடைத்திருந்தன. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தே தீரவேண்டும் என்பது அக்காளின் கட்சி.

"சுமையேத்தின மாடு ஒரே பகல்ல அவ்வளவு தூரம் போகாதுடா. நடுவுல தங்கியே ஆகணும். துறவிங்களுக்குத் திருட்டு பயம், வியாபாரிங்க துணை வேணும். வியாபாரிங்களுக்குச் சரக்கை நம்பி வெக்க ஒரு எடம் வேணும். அப்படித்தான் புத்தர் சொன்னது ஊர் ஊராப் போச்சு, கடல் தாண்டியும் போச்சு."

"அப்ப உன் புத்தர் லாரி ஷெட் நடத்தினார்னு சொல்லு."

"ஆமா காண்ட்ராக்டரே. உன்னை விட நாணயமா நடத்தினார்."

இவ்வாறு எத்தனையோ சாப்பாட்டு வேளைகள் கழிந்தன.

ஏரிக்கரையோரமாகப் புதுச்சாலை போடும் ஒப்பந்தம் தம்பிக்கே கிடைத்தபோது அக்காள் சிறுபெண்ணைப் போல் மகிழ்ந்தாள். நெடுங்காலமாக அவள் குறித்து வைத்திருந்த இடம் அதுவே. "செங்கல் கெடச்சதுக்கெல்லாம் போன் போடாதே. சுவர் வளைஞ்சு போனா மட்டும் போடு. வீடு கட்டுறவன் வளைச்சுக் கட்டமாட்டான், புத்தருக்கு வட்டமாத் தூபி கட்டுறவன்தான் கட்டுவான்" என்று சொல்லியனுப்பினாள்.

சுவர் வளைந்துதான் போயிற்று. மண்தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவர் அதன் கையை உயரே நிறுத்திவிட்டு, "என்ன சார் பண்ண?" என்று கேட்டார். ஒப்பந்தக்காரர் குழிக்குள் இறங்கினார். ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் அமைந்த பெரிய செங்கற்கள் நெருங்கி நின்று வட்டமாகத் திரும்பின. கைப்பேசியை எடுத்தார். அக்காளின் பெயர் திரையில் வந்தது. செய்தி வெளியேறினால் வேலை நிற்கும். வேலை நின்றால் மழை பிடித்துக்கொள்ளும். மழை பிடித்தால் ஒப்பந்தம் கைநழுவும். கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மூடு" என்றார்.

ஒரேயொரு செங்கல்லை மட்டும் எதற்காக எடுத்து வந்தார் என்பது அவருக்கே விளங்கவில்லை. அன்று மாலை அக்காள் கேட்டாள். "வெறும் மண்ணுதான்க்கா" என்றார். அவள் மறுமுறை கேட்கவில்லை. தம்பி சொன்னால் அதற்குமேல் அவளிடத்தில் அப்பீல் கிடையாது.

மருத்துவமனை அறைக்குள் அக்காளின் மகள் ஈரப்பஞ்சால் தாயின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அம்மா, மாமா வந்துட்டார்."

அக்காள் கண்களைத் திறந்தாள். குரல் மெலிந்திருந்தது, குறும்பு மெலியவில்லை.

"காண்ட்ராக்டரே, ரோடு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுக்கா. வண்டி ஓடுது."

"நல்லா வந்திருக்கா?"

"வழவழன்னு இருக்கு."

அவள் சற்று மூச்சு வாங்கினாள். "உன்னைத்தான் படுத்தி எடுத்துட்டேன். வளைஞ்ச சுவர், வளைஞ்ச சுவர்னு. ஒண்ணுமில்லாத எடத்துக்கு இத்தனை வருஷம் ஊரையே நம்ப வெச்சிருக்கேன்டா."

"அப்படிச் சொல்லாதக்கா."

"தப்புன்னா தப்புதானே. அதுல என்ன வெக்கம்?"

ஒப்பந்தக்காரர் வாயைத் திறந்தார். "மாமா, அம்மாவைப் பேச வெக்காதீங்க. டாக்டர் திட்டுவார்" என்றாள் மகள். திறந்த வாயை மூடிக்கொள்ள அவருக்கு அது போதுமானதாயிருந்தது. கையில் கல் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று மற்றொரு காரணத்தையும் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீ தூங்குக்கா. சாயந்திரம் உனக்கு ஒண்ணு காட்டுறேன்."

"என்னது? மறுபடியும் புதுக் காரா?"

"இல்லக்கா. சாயந்திரம்."

"சரி, சாயந்திரம்" என்று சொல்லி அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

பிற்பகல் முழுவதும் அவர் காருக்குள்ளேயே அமர்ந்திருந்தார். வாயிற்காவலர் மாறினார். புதிதாக வந்தவர் எவருடைய பையையும் திறந்து பார்க்கவில்லை; கைப்பேசியில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பைகளோடு பலரும் உள்ளே போனார்கள். ஒப்பந்தக்காரர் இருக்கையை விட்டு எழவில்லை. கைப்பேசி ஒலித்தபோது அக்காள் மகளின் பெயர் தெரிந்தது. அழுகை மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் உடலை வைக்க வீட்டுக்குக் குளிர்பெட்டி வந்தது. கால்மாட்டுப் பக்கத்தில் அதன் சக்கரம் ஒன்று உடைந்து போயிருந்தது. கை பட்டபோதெல்லாம் பெட்டி ஆடிற்று.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு" என்றார் பெட்டிக்காரர்.

"நாங்க கேக்கும்போது மட்டும் உடைஞ்சிருமா? உள்ள படுத்திருக்கிறவங்க இருந்திருந்தா உங்களை ஒரு வழி பண்ணியிருப்பாங்க" என்றார் அக்காளின் மருமகன். சக்கரத்துக்குப் பதிலாக முட்டுக்கொடுத்த செய்தித்தாள் மடிப்பு நசுங்கிற்று, பலகைத்துண்டு வழுக்கிற்று.

வெளியே, அக்காளிடம் வேலை பழகி அவளுக்குப் பின் பதவிக்கு வந்த காப்பாளர் பூக்களோடு வந்து நின்றார். ஒப்பந்தக்காரரைக் கண்டதும் கைகளைப் பற்றிக்கொண்டார்.

"மேடம் போன மாசம் மியூசியத்துக்கு வந்திருந்தாங்க சார். வீல் சேர்ல. அந்த வணிக வழி மேப் சுவர்ல இருக்கில்ல, பட்டனை அழுத்தினா விகாரை இருந்த எடமெல்லாம் பல்பு எரியும். ஏரிக்கரையில அவங்களே ஒரு பச்சை பல்பு மாட்டியிருந்தாங்க. அதைக் கழட்டத்தான் வந்தாங்க."

"யாரு, அக்காவா?"

"அவங்க கையாலயே. எட்டலை, நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னாங்க. 'இல்லாததை எரிய விடக்கூடாது, பசங்க நம்பிடும்'னாங்க. அந்த ஓட்டையை அடைச்சிடவான்னு கேட்டேன். அதை விரலால தடவிட்டுக் கிளம்பிட்டாங்க. அது அப்படியேதான் இருக்கு சார்."

"மாமா, கார்ல கட்டை கிட்டை ஏதாவது இருக்கா? பெட்டி ஆடுது" என்று மருமகன் பக்கத்தில் வந்து கேட்டார். காப்பாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கொடுத்தது எதன் சாவி என்பது நினைவுக்கு வந்தபோது காப்பாளர் வேறொருவரோடு பேசத் தொடங்கியிருந்தார். ஒப்பந்தக்காரர் கூடத்துக்குள் விரைந்தார்.

"அம்சமா உக்காந்துருச்சு மாமா" என்றார் மருமகன், கைத்தூசியைத் தட்டியபடி. பழைய துவாலை தரையில் கிடந்தது.

"அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு. இந்தக் காலத்துல இவ்வளவு பெரிய செங்கல் எங்க சார் அறுக்கிறாங்க?" என்றார் பெட்டிக்காரர். அவர் வெள்ளைத்துணியை உதறிப் பெட்டியின் நாற்புறமும் தரை வரையில் தொங்கவிட்டார். செங்கல் மறைந்தது. பெட்டி ஆடாமல் நின்றது. கண்ணாடிக்குள் அக்காளின் முகம், யாரோ சொல்ல வந்ததைக் கேட்கக் காத்திருப்பது போலிருந்தது.

இனி எவருக்கும் தெரியப்போவதில்லை. நாளை பெட்டிக்காரர் பெட்டியை எடுத்துச் செல்வார். துவாலையில் சுற்றிக் கல்லை மறுபடியும் காரில் வைத்துவிடலாம்.

காப்பாளர் செருப்பைக் கழற்றிவிட்டு வாயிற்படி ஏறினார்.

ஒப்பந்தக்காரர் பெட்டியின் கால்மாட்டுப் பக்கத்தில் முழங்காலை ஊன்றி அமர்ந்தார். தொங்கிய துணியின் விளிம்பைப் பிடித்து மேலே சுருட்டி, பெட்டியின் இடுக்கில் செருகினார்; செங்கல் வெளியே தெரிந்தது.

"மாமா, துணி தூக்கிட்டு நிக்குது பாருங்க."

"இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று சொல்லிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

காப்பாளர் வந்தார். பூக்களை அக்காளின் பாதங்களுக்கு நேராகக் கண்ணாடியின்மேல் வைத்தார். பின்பு கைகூப்பிக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.