வாய் திறக்காத இரண்டு மணி நேரம்

நான் நடத்துகிற பாடத்துக்கு 'வடிவமைப்பு ஆய்வு முறைகள்' என்று பெயர். தொழில் வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை ஒரே வரியில் அடக்கிவிடலாம்: நாற்காலி செய்வதற்கு முன்னால் உட்காருகிறவரைப் பாருங்கள். ஒரு வரிதான் என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால் பதினான்கு வாரத்துக்கு இழுத்து வைத்திருக்கிறேன்.

அதில் இரண்டு மணி நேரக் களத்தேர்வு ஒன்று உண்டு. பொது இடத்தில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து, அவர் செய்வதையெல்லாம் நேரம் போட்டு எழுதவேண்டும். அந்த ஆளுக்குத்தான் எங்கள் பாஷையில் 'பயனர்' என்று பெயர். அவரோடு பேசக்கூடாது, அவருக்கு உதவக்கூடாது.

வகுப்பே 'வானொலி' என்று கூப்பிடுகிற பெண் இதில் இரண்டு முறை தோற்றிருந்தாள். முதல் தடவை, லிஃப்டில் தவறான பொத்தானை அழுத்திய பெரியவருக்கு வழி சொல்ல ஆரம்பித்து, அவரை மகள் வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டாள். இரண்டாம் தடவை, சலவைக் கடையில் ஒரு அம்மாளோடு சேர்ந்து துணி மடித்தாள். மூன்றாவதும் போனால் படிப்பே போச்சு.

இந்தத் தடவை பஸ் நிலையத்து டிக்கெட் மெஷின். முந்தின நாள் என் அறைக்கு வந்தாள்.

"சார், யாராவது தப்பா அமுக்கினா எனக்குக் கை துறுதுறுங்குமே. என்ன பண்றது?"

"எதையுமே அமுக்காத ஆளாப் பாத்துப் பிடிச்சுக்கோம்மா."

வெளித்தேர்வாளராக வந்தவர் பெரிய மனிதர். 'எட்டடுக்கு நோக்கல்' என்று ஒரு முறையைக் கண்டுபிடித்தவர். அவர் இல்லாதபோது அவரையே எட்டடுக்கு என்போம். முதல் அடுக்கு, 'கரைதல்'. ஆய்வாளர் அங்கே இருப்பதே தெரியக்கூடாதாம். அதனால் மாணவர்களிடம் சொல்லாமல் களத்துக்கே போய், அவர்கள் பார்ப்பதை இவர் பார்ப்பார். ஏழு அடுக்குகளை விளக்கிப் புத்தகம் போட்டிருந்தார். எட்டாவதைப் பற்றிக் கேட்டால் புன்னகைப்பார்.

களத்தேர்வு முடிந்த மறுநாள் நேர்முகத் தேர்வுக்கு வானொலி உள்ளே வந்தாள். கோட்டும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த எட்டடுக்கைப் பார்த்ததும் அவள் பேனா கீழே விழுந்தது.

"உக்காரும்மா. நேத்து மெஷின் பக்கத்து பெஞ்சுல ரெண்டு மணி நேரம் இருந்தேன். உன்மேல வச்ச கண்ண எடுக்கல. உனக்குத் தெரிஞ்சிருக்காது."

வானொலி பரிதாபமாக என்னைப் பார்த்தாள்.

"பத்து நாப்பதுலேருந்து பதினொண்ணேகால் வரைக்கும் நீ போன்ல விளையாடிட்டிருந்த. எல்லாம் என் குறிப்புல இருக்கு." என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணுக்கு ஐம்பது போட முடியாது சார். தேறாது."

"ஐயோ, இல்ல சார்! யாரையாவது கூப்பிட்டுப் பேசிடுவேனோன்னு பயந்து போனை வீட்லயே வச்சுட்டுப் போனேன்!"

"அப்போ உன் பதிவைப் படி. அந்த முப்பத்தஞ்சு நிமிஷமும் எழுதியிருந்தா நம்பறேன்."

"இங்கயேவா சார்? நீங்க தனியா எடுத்துட்டுப் போய்..."

"தரவுக்கு வெட்கம் கிடையாதும்மா. சத்தமாப் படி."

படித்தாள்.

"பத்து அஞ்சு. பயனர் ஆண். அறுபது இருக்கும். புதுத் தொப்பி, விலைச்சீட்டு காதோரம் தொங்குது. டிக்கெட் வாங்கல. பத்து இருபது. செய்தித்தாளுக்குப் பின்னால கேக் சாப்பிடறார். சுத்துமுத்தும் பாத்துட்டு இன்னொண்ணு எடுக்கறார்."

எட்டடுக்கின் கை தானாகக் காதோரம் போனது.

"பத்து நாப்பது. கண்ணை மூடறார். பத்து நாப்பத்திநாலு. வாய் திறக்குது. பத்து அம்பது. ஒரு குழந்தை மிட்டாய்க் காகிதத்தை அந்த வாய்ல போடப் பாக்குது. அவங்கம்மா இழுத்துட்டுப் போறாங்க. நான் தலையிடல."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னாள். நான் இருமினேன். சிரிப்பை இருமலாக மாற்றுவது மட்டும்தான் இருபது வருட ஆசிரியத் தொழிலில் நான் முழுசாகக் கற்ற முறை.

"பதினொண்ணேகால். தொப்பி விழுந்து முழிக்கறார். கடிகாரத்தைப் பாக்கறார். ஒரு தடவைகூட நிமிராம ஆறு நிமிஷம் மளமளன்னு எழுதறார்."

எட்டடுக்கு தன் குறிப்பேட்டைச் சத்தமில்லாமல் மூடினார். எட்டாவது அடுக்கின் பெயர் 'நிரப்புதல்' என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பரிந்துரை ஏதாவது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ஆனால் மதிப்பெண் தாளில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதே.

"பெஞ்சுக்குக் கழுத்து சாய்க்க ஒரு முட்டு வேணும் சார். பயனரோட தலை நாலு தடவை பக்கத்து ஆள் தோள்ல சாஞ்சுது. மூணு தடவை அவர் பொறுமையா நிமித்திவிட்டார். நாலாவதுக்கு எழுந்து போயிட்டார்."

தேறாதவர்களின் பதிவேட்டை நிரந்தரக் கோப்பில் சேர்த்து, யார் கேட்டாலும் காட்டவேண்டும் என்று ஒரு விதி இருப்பதை எட்டடுக்கிடம் மரியாதையாக ஞாபகப்படுத்தினேன்.

மதிப்பெண் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவர், மேசைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா... குறட்டை விட்டேனா?"

வானொலி பக்கத்தைப் புரட்டினாள். "பத்து நாப்பத்தாறுலேருந்து சார். நிமிஷத்துக்குப் பதினாலு."

"முப்பது வருஷமா என் வீட்டம்மா சொல்லிட்டிருக்கா. ஆதாரம் எங்கன்னு கேட்டு வாயை அடைச்சிட்டிருந்தேன்."

பெருமூச்சு விட்டார். எழுபத்திரண்டு என்று போட்டுக் கையெழுத்திட்டார்.

வானொலியின் முகம் பூவாக மலர்ந்தது. ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இதுலயும் ஒண்ணு போட்டுடுங்க சார். பயனரோட சம்மதப் படிவம். நேரம் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்னு பின்னாலயே ஓடி வந்தேன். அதுக்குள்ள பஸ்ல ஏறிட்டீங்க, டிக்கெட் இல்லாம."